உண்ணிப் புதருக்குள் டயர்கள்

எங்கள் பக்கத்தில் யானைக்காக டயர் சேர்ப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூளகிரியிலிருந்து உள்ளே இறங்கிப் போனால், தக்காளித் தோட்டங்களும் கொத்தமல்லிப் பாத்திகளும் முடிகிற இடத்தில் காடு தொடங்குகிறது. மழை ஓய்ந்து ராகி கதிர் பிடிக்கும்போது கர்நாடகப் பக்கத்திலிருந்து யானைகள் கூட்டமாக இந்தக் காட்டுக்கு வந்துவிடும். பட்டாசு வெடித்தால் இரண்டொரு நாள் மிரளும், அப்புறம் பழகிவிடும். டயர் எரிகிற கரும்புகைக்கு மட்டும் அவை பழகுவதில்லை என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். அதனால் நெடுஞ்சாலை ஓரத்துப் பஞ்சர் கடைகளில் கழித்துப்போட்ட லாரி டயர்களைக் கேட்டு வாங்கிவந்து காட்டோரத்தில் தயாராக வைத்திருப்பார்கள்.

வனத்துறை இதற்கு இடம் கொடுக்காது. டயர் எரித்ததாகத் தெரிந்தால் வழக்குப் போடுவார்கள். ஆகவே டயர்களை வீட்டு வாசலிலோ வயலிலோ வைப்பதில்லை. யானை தாண்டாமலிருக்க வெட்டிய அகழியை ஒட்டி, உண்ணிச்செடி ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கும் புதருக்குள் தள்ளி வைப்போம். தேவை வரும்போது உருட்டி எடுத்துக்கொள்ளலாம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை. பாம்பு இருக்கும், சில சமயம் ஒற்றை யானையும் நிற்கும்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இருபத்து சொச்சம் வயதில் ஓசூருக்கு வேலைக்கு வந்தவன். வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றேன். வேலைக்காலம் முழுவதும் மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. ஓய்வுக்குப் பிறகு, சத்தமில்லாத இடத்தில் இருக்கலாம் என்று இங்கே நிலம் வாங்கி ஒரு சிறிய வீடு கட்டிக்கொண்டோம். நானும் என் மனைவியும்தான். நிலத்தில் ராகியும் அவரையும் போடுவோம். எங்களுக்கு அடுத்த நிலம் ஒரு பெண்ணுடையது. நாற்பது வயதை ஒட்டியிருக்கும். வீட்டில் தெலுங்கு, மாட்டிடமும் தெலுங்கு, எங்களிடம் தமிழ். கணவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் தூக்கம், எழுந்தால் பஸ். நிலமும் இரண்டு சீமை மாடுகளும் அவள் பொறுப்பு. காலையும் மாலையும் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றுவாள். அந்த வீட்டில் தட்டாமல் வந்துகொண்டிருந்த வருமானம் அதுதான். கணவனின் ஒப்பந்தம் அடிக்கடி அறுந்துபோகும்.

டயர் விஷயத்தில் எங்கள் வீட்டு வரிசைக்கு ஒழுங்கு கொண்டுவந்தவன் நான். அதுவரை ஆளுக்கொன்றாக, கிடைத்ததைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பழைய பழக்கத்தில் ஒரு லாரி ஷெட் முதலாளியைத் தெரியும். அவரிடம் சொல்லி ஒரு டெம்போ நிறைய ஏற்றிவரச் செய்தேன். எந்த இடத்தில் எத்தனை, எங்கிருந்து எங்கே உருட்டுவது, யார் பற்றவைப்பது என்று பிரித்துக் கொடுத்தேன். அந்த வருடம் யானை எங்கள் ராகிக்குள் வரவில்லை. "சார் இருக்கறதால தப்பிச்சோம்" என்றார்கள். ஓய்வுக்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிப் பேசியிருக்கவில்லை. நன்றாக இருந்தது. அதனால் போன வருடம் கோடையில் இன்னும் இரண்டு டெம்போ கொண்டுவரச் செய்தேன்.

இனி சொல்லப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. டயரில் தேங்கும் மழைத்தண்ணீரில் என்ன வளரும் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழுவுக்குப் பல வருடம் நான் தலைவர். ஒரு மழைக்காலத்தில் தொழிலாளர் விடுதியில் காய்ச்சல் பரவி, ஒரு ஷிப்டில் பாதி ஆள் இல்லாமல் போனபோது, எங்கள் கழிவுப் பொருள் முற்றத்தில் கிடந்த டயர்களிலிருந்துதான் அது வந்தது என்று சுகாதாரத் துறையினர் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்பு, டயர்களின் பக்கச்சுவரில் துளை போடச் செய்து, நானே போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்துப் பேசுவேன். கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கொசு, பகலில் கடிப்பது, சாக்கடையைத் தேடாது, சுத்தமான தண்ணீரைத்தான் தேடும், காட்டில் மரப்பொந்திலும் வெட்டுப்பட்ட மூங்கில் கணுவிலும் முட்டையிட்டுக்கொண்டிருந்தது இப்போது நம் பொருள்களுக்குள் வந்திருக்கிறது என்றெல்லாம் சொல்வேன். எனக்கு மனப்பாடம்.

போன வருடம் ஆவணி மழை இரண்டு பெய்து முடிந்தபின் ஒருநாள் அகழி ஓரமாக நடந்தேன். புதருக்குள் வெயில் விழுந்த ஒரு இடத்தில் டயருக்குள் தண்ணீர் மினுங்கியது. குச்சியால் உண்ணிச்செடியை விலக்கிப் பார்த்தேன். குச்சியின் நிழல் பட்டதும் மேலே நின்ற புழுக்கள் எல்லாம் நெளிந்து கீழே போயின. டீத்தூள் நிறத்தில், விளிம்பு முழுவதும் இருந்தன. அடுத்த டயரிலும் அப்படித்தான்.

துளை போட்டிருக்கலாம். துளை போட்ட டயரும் அதே மாதிரிதான் எரியும். ஆனால் எல்லாவற்றையும் புதரிலிருந்து வெளியே இழுக்க வேண்டும், தண்ணீர் நிறைந்த லாரி டயர் லேசில் அசையாது, எனக்கு முதுகு சரியில்லை. ஆட்களைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொன்னால், நான் கொண்டுவந்து குவித்தது தப்பு என்று ஆகும். தொழிற்சாலையில் நான் ஒரு நாளும் துளை போட்டதில்லை, போடச் சொன்னதுதான். இங்கே சொல்வதற்கு ஆள் இல்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்து காப்பி குடித்தேன். அடுத்த வாரமும் மழை.

அந்த மழைக்கு நடுவே கொசு ஒழிப்புப் பணிப்பெண்கள் இருவர் வந்தார்கள். கையில் டார்ச், ஒரு கரண்டி, மருந்து பாட்டில். எங்கள் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள், பிரிட்ஜுக்குப் பின்னால் தட்டைப் பார்த்தார்கள், தேங்காய்ச் சிரட்டை கிடக்கிறதா என்று வீட்டைச் சுற்றினார்கள். எல்லாம் சுத்தம்.

"ஐயா வீடு எப்பவும் நீட்டா இருக்குது" என்றாள் மூத்தவள். "டயர் ஏதாவது போட்டு வச்சிருக்கீங்களா ஐயா? தோட்டத்துல, வேலி ஓரத்துல?"

"இல்லம்மா."

"இந்தப் பக்கம் வழக்கமா வச்சிருப்பாங்க. ஆனைக்கு."

"எங்க வரிசையில இல்ல. ஃபாரஸ்ட்காரங்க கேஸ் போடறாங்கல்ல, யாரு வைப்பா."

"அது சரி" என்று அவள் சுவரில் சாக்பீஸால் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். டெம்போ வந்தது அவளுக்குத் தெரியும். டயரில் கொசு வளரும் என்பதும், நான் வீட்டில் பேசிப் பழகிப் பார்த்த பிரசங்கங்களைக் கேட்டவள் என்பதால், தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கு மோர் கொடுத்தாள்.

வனத்துறைக்குப் பயந்து சுகாதாரத் துறையிடம் பொய் சொன்னேன். இரண்டும் அரசாங்கம்தானே, ஒன்றிடம் சொன்னால் மற்றதற்குப் போய்விடும் என்று நினைத்தேன். அந்தப் பெண்கள் வனத்துறையிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அதை யோசிக்கவே நான் விரும்பவில்லை.

அவர்கள் அடுத்துப் போனது பக்கத்து நிலத்துப் பெண்ணின் வீட்டுக்கு. மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் சிமெண்ட் தொட்டி ஒன்று அவள் கொட்டகை ஓரத்தில் இருந்தது. அதில் கரண்டியை விட்டு எடுத்தபோது புழு இருந்தது. இருந்தது உண்மைதான், கொஞ்சம் இருந்தது. தொட்டித் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள். அந்த வாரம் மோட்டார் பழுது. குழாய்க்குப் போய்க் குடம் குடமாகச் சுமந்து நிரப்பிய தண்ணீர் அது.

"மாடு என்னாத்த குடிக்கும்மா?" என்று அவள் கேட்டது எங்கள் வாசலுக்குக் கேட்டது.

"வேற புடிச்சு வைங்க அக்கா. வாரம் ஒருக்கா தேச்சுக் கழுவணும். இதுல இருந்துதான் காய்ச்சல் வருது."

காய்ச்சல் அப்போது ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது. முதலில் கோடி வீட்டுக் கிழவர், பிறகு எதிர் வரிசையில் கணவன் மனைவி இருவர். சூளகிரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துச் சிக்குன்குனியா என்றார்கள். சாகடிக்கிற காய்ச்சல் இல்லை, ஆளை மடக்கிப் போடுகிற காய்ச்சல். எதிர் வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து கழிவறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்ததைப் பார்த்தேன். அதற்கடுத்த வாரம் அவளுக்கு வந்தது. அகழி ஓரத்துப் புல்தான் அவள் மாடுகளுக்குத் தீனி. தினமும் நண்பகலுக்கு முன்பு, புதரை ஒட்டிக் குனிந்து அறுத்துக்கொண்டிருப்பாள். எங்களை விட, யாரை விடவும், அந்தக் கொசுக்களுக்கு அருகில் இருந்தவள் அவள்தான்.

எங்கள் இருவருக்கும் வரவில்லை. ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்திருந்தோம்.

அவள் படுத்திருந்த நாட்களில் ஒரு மாலை நான் பால் வாங்கச் சொசைட்டிக்குப் போனேன். கேன்களோடு ஆட்கள் நின்றார்கள். பால் அளக்கிறவர் ஊரில் எல்லோரையும் கிண்டல் செய்கிறவர்.

"என்ன இன்னிக்கும் அந்தம்மா பால் வரல?" என்றார் ஒருவர்.

"பால் வியாபாரத்த வுட்டுட்டாங்கோ. இப்ப கொசுப்பண்ணை" என்றார் அளக்கிறவர். "தொட்டியில நல்லா வளருதாம். லிட்டர் கணக்குல ஊத்தலாம்."

"கொழுப்பு எவ்ளோ நிக்கும்?"

"அது ரத்தத்துல பாக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். காய்ச்சல் வந்து எழுந்த எதிர் வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "நாலு வூட்டப் படுக்க வச்சுட்டா, கழுவுறதுக்கு என்னா நோவு அவளுக்கு" என்றார். யாரோ என்னைப் பார்த்து, "என்ன சார், படிச்சவங்க நீங்க, சொல்லுங்க" என்றார்கள். நானும் சிரித்தேன். "சுத்தமா வச்சுக்கணும்" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னேன் என்பதை இத்தனை நாள் மனைவியிடம் கூடச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து அவள் பெயர் கொசுப்பண்ணை ஆயிற்று. நேரில் சொல்ல மாட்டார்கள், அவள் தாண்டிப் போனபின் சொல்வார்கள்.

காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டது. விரல்கள் விடவில்லை. மற்றவர்களுக்கும் மூட்டு வலி இருந்து மெல்லக் குறைந்தது. இவளுக்குக் கைகளில் நின்றுவிட்டது. காலையில் விரல்களை மடக்கவே முடியாது. வெந்நீரில் வைத்திருந்தால் வெயில் ஏறும்போது பாதி மடங்கும். மாட்டுக்கு வெயில் ஏறும்வரை காத்திருக்கத் தெரியாது. மடி கட்டிக்கொண்டு கத்தும். கணவன் கறந்து பார்த்தான், அவன் கைக்கு மாடு பால் இறக்கவில்லை. என் மனைவி கரிசல்காட்டில் மாட்டோடு வளர்ந்தவள். கல்யாணமாகி வந்தபின் கறந்ததில்லை. ஒருநாள் விடியும்போது கத்தலைக் கேட்டு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள். அன்றிலிருந்து இரண்டு வேளையும் அவள்தான் கறக்கிறாள். அவளுக்கே அறுபத்தாறு வயது.

டாக்டர், சிலருக்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும் என்றார். தை போயிற்று, மாசி போயிற்று. அவள் இரண்டு மாடுகளில் இளையதை விற்றுவிடலாமா என்று கேட்க ஆரம்பித்தாள். நேருக்கு நேர் கேட்கவில்லை, மாட்டைப் பார்த்தபடி என் மனைவியிடம் கேட்டாள். "அக்கா, எத்தினி நாளு நீங்க வந்து கறப்பீங்க. எனக்கே வெக்கமா இருக்குது."

என் மனைவி வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டே என்னிடம் கேட்டாள். "ஏங்க, அந்தத் தொட்டியில இருந்தா வந்துச்சு?"

"தெரியல."

"தெரியாதா உங்களுக்கு?"

நான் பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அவ அந்தத் தொட்டிய தெனம் ரெண்டு வேளை தேய்க்கிறா. வெரலு மடங்காம, உள்ளங்கையில தேங்காநாரை வச்சு அழுத்தித் தேய்க்கிறா. தன்னாலதான் ஊருக்கே வந்துச்சுன்னு நெனச்சுக்கிட்டு. பக்கத்துல ஒக்காந்து பாத்துக்கிட்டு நான் வாய மூடிக்கிட்டிருக்கேன். எனக்கு ஏலல."

அப்போதும் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. மார்கழியில் யானை வந்தபோது டயர்களில் பாதியை எரித்துவிட்டோம். மீதி தண்ணீர் வற்றிக் காய்ந்து கிடந்தன. நடந்தது நடந்துவிட்டது, இனி ஆபத்து இல்லை, இப்போது சொல்லி அவளுக்கு என்ன ஆகப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. ஒரே மழைதான், ஆனால் அடித்துப் பெய்தது. பத்து நாள் போயிருக்கும், ஏதோ சந்தேகத்தில் அகழிப் பக்கம் போய்ப் புதரை விலக்கினேன். புழு மறுபடியும். இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். முட்டைகள் டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும். தொழிற்சாலையில் இதையும் சொல்லியிருக்கிறேன், காலி செய்தால் மட்டும் போதாது, தேய்க்க வேண்டும் என்று. புதருக்கு அந்தப் பக்கம் அரிவாள் சத்தம் கேட்டது. பிடியை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு அவள் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு கணுக்காலை மறு காலால் தேய்த்துக்கொண்டாள். ஏதோ கடித்திருக்கிறது.

"இங்க அறுக்காதம்மா" என்றேன்.

"ஏன் சார்? ஆன இருக்குதா?"

"இல்ல. வெளிய வா. சொல்றேன்."

அங்கேயே, அகழி மேட்டில் நின்று சொன்னேன். டயரில் கொசு வளர்கிறது என்றேன். காய்ச்சல் இங்கிருந்து வந்திருக்கும், தொட்டியிலிருந்து மட்டும் இல்லை என்றேன். அவள் கேட்டுக்கொண்டு, "மழத்தண்ணி தான சார், சுத்தமான தண்ணி" என்றாள். சுத்தமான தண்ணீரில்தான் வளரும் என்றேன். அவள் புதரை ஒரு முறை பார்த்தாள்.

"இப்பதான் தெரிஞ்சுதா உங்களுக்கு?"

அந்தக் கேள்வியில் எனக்குத் தப்பிக்க வழி இருந்தது. ஆமாம் என்று சொன்னால் அவள் நம்பியிருப்பாள்.

"இல்ல. முன்னயே தெரியும். பாத்தேன். கொசுமருந்துக்காரங்க வந்தப்ப டயர் இல்லன்னு சொன்னேன்."

அவள் அரிவாளைக் கீழே போட்டாள். போட்டாள் என்பதை விட, அது விழுந்தது என்பதுதான் சரி. நெடுநேரம் பிடித்திருக்க அந்தக் கைகளால் முடியாது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அதான் கறக்க வந்தாங்களா."

"அது அவ மனசு. அதுக்கும் இதுக்கும்..."

"வுடுங்க சார்." புல்கட்டைத் தலைக்கு ஏற்ற முயன்றாள். நான் கை கொடுக்கப் போனேன். "வேணா" என்றாள். கட்டை இழுத்துக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "எங்கிட்ட சொல்லி இன்னா ஆவறது? பால் ஊத்தற எடத்துல சொல்லுங்க. அங்கதான எனக்குப் பேரு வச்சாங்கோ. நீங்களும் நின்னீங்களாமே."

மறுநாள் மாலை சொசைட்டியில் எல்லோரும் இருக்கும் நேரம் பார்த்துப் போனேன். காய்ச்சல் என் டயரிலிருந்து வந்தது, அந்தப் பெண்ணின் தொட்டியில் இருந்தது ஒரு கையளவு, புதருக்குள் இருப்பது அதைப் போலப் பல மடங்கு, கொண்டுவந்தது நான், தெரிந்தும் மறைத்தது நான் என்று சொன்னேன். பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் பேசுகிற குரலே வந்தது. அதை எப்படி மாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அளக்கிறவர் தலையை ஆட்டினார்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார். "அந்தம்மா கஷ்டப்படறத பாத்துட்டு பழிய உங்க மேல போட்டுக்கறீங்க. யாரு செய்வாங்க?"

"அப்படி இல்ல. நெஜமாவே என் தப்பு."

"அதான் சொல்றேன். இந்த மாதிரி மனுசங்க இருக்கறதாலதான் மழ பெய்யுது."

மற்றவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் எழுந்து எனக்கு ஸ்டூலைத் தள்ளினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போன இடத்தில் எனக்கு மரியாதை கூடியது. உட்காரவில்லை. வாருங்கள், காட்டுகிறேன் என்று அழைத்தேன். எதிர் வீட்டுக்காரரும் அளக்கிறவரும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். அகழியோரம் ஒரு டயரை எல்லோருமாகச் சேர்ந்து வெளியே இழுத்துத் தண்ணீரைத் தரையில் கவிழ்த்தோம். மண் தண்ணீரை உறிஞ்சியபின் மேலே நெளிந்துகொண்டிருந்ததைப் பார்த்தார்கள்.

எதிர் வீட்டுக்காரர் நீண்ட நேரம் பார்த்தார். அவரால் இன்னும் மாடிப்படி ஏற முடிவதில்லை. "தெரிஞ்சே வச்சிருந்தீங்களா சார்?" என்றார்.

"தெரிஞ்சே."

அவர் திரும்பி நடந்துவிட்டார். அளக்கிறவர்தான் குரலைத் தாழ்த்திப் பேசினார். "சரி சார். ஆனது ஆச்சு. மண்ணெண்ணெய ஊத்தி வுட்டுருவோம். வெளிய சொல்ல வேணா. ஃபாரஸ்டுக்குப் போச்சுன்னா எல்லாத்தயும் அள்ளிக்கினு போயிருவாங்கோ. கார்த்திகையில ஆன வரும்போது இன்னாத்த எரிக்கறது?"

"அந்தம்மாவுக்கு வச்ச பேரு?"

"நாங்க இனிமே சொல்ல மாட்டோம்."

அது போதும் என்று எனக்குத் தோன்றிய ஒரு நொடி இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. எல்லோரும் சமாதானமாகிவிட்டார்கள், நானும் சொல்லிவிட்டேன், வேலை முடிந்தது என்று. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கேட்டாள், "அப்ப சுவத்துல அந்தப் பொம்பளைங்க எழுதிட்டுப் போனது? அவங்க புத்தகத்துல இன்னும் அவ தொட்டிதான?"

மறுநாள் பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அன்று வந்த மூத்த பணிப்பெண்ணே இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நான் கேட்டேன்ல ஐயா" என்று மட்டும் சொல்லி, எத்தனை இருக்கும், எந்த இடம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "அந்தக்கா தொட்டிய நான்தான் கொட்டச் சொன்னேன்" என்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அந்த வாரமே ஊராட்சி டிராக்டர் வந்து டயர்களை அள்ளிக்கொண்டு போயிற்று. கூடவே வனக்காவலரும் வந்தார். என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். இதுவரை அழைப்பு வரவில்லை, வரலாம். எங்கள் வரிசையில் நான்கு வீட்டார் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர்களுடைய டயர்களும் போய்விட்டன என்பதுதான் அவர்கள் கோபம், காய்ச்சலைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த வருடம் ராகி விதைக்கும்போது ஆளுக்குப் பாதி நிலம்தான் போட்டோம். கதிர் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. தகர டப்பாவும் விளக்கும் வைத்துக் காவல் காக்க முறை போட்டிருக்கிறார்கள். என்னைச் சேர்க்கவில்லை. அவளுடைய ராகியும் அந்தக் காவலில்தான் இருக்கிறது. யானை வந்தால் அவளுக்கு நஷ்டம் என்னால் இரண்டாவது முறை.

கொசுப்பண்ணை என்ற பெயர் போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. என் முன்னால் சொல்வதில்லை. போன வாரம் சொசைட்டிக்கு வெளியே இரண்டு பிள்ளைகள் விளையாட்டில் ஒருத்தியை அந்தப் பெயரால் கூப்பிட்டார்கள். எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று கேட்கவில்லை.

இளைய மாட்டை அவள் விற்கவில்லை. விரல்கள் கொஞ்சம் இளகியிருக்கின்றன என்று மனைவி சொன்னாள். இப்போது நான் தினமும் காலையில் மனைவியோடு போகிறேன், பால் கேனைத் தூக்க. அந்தப் பெண் என்னிடம் பேசுவதில்லை. போ என்றும் சொல்வதில்லை. இன்று காலை என் மனைவி ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, அவள் மறுபக்கம் உட்கார்ந்து வெந்நீரில் நனைத்த கைகளைத் துடைத்துக்கொண்டு, முன்காம்பு ஒன்றைப் பிடித்தாள். கட்டை விரலும் ஆட்காட்டி விரலும் சேர்ந்தன. மற்ற மூன்றும் நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு பீச்சு வந்தது, அப்புறம் நின்றது, அப்புறம் இன்னொன்று. என் மனைவி தன் பக்கத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நான் பார்க்கலாமா என்று தெரியாமல் கேனைப் பிடித்துக்கொண்டு நெருங்கி நின்றுவிட்டேன். மாடு காலை மாற்றி வைத்தது.

அவள் தலையைத் திருப்பாமல் சொன்னாள். "அக்கா, அவர கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மாடு மிரளுது."

மனைவி சொல்லும்வரை காத்திருக்காமல் கொட்டகைக்கு வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பாத்திரத்தில் பால் விழும் சத்தம் மறுபடி தொடங்கியது. யாருடைய கை என்று அங்கிருந்து தெரியவில்லை.